எக்ஸ்-கதிர் நிறமாலையை ஃப்ளக்ஸாக வரைவது எப்படி? அந்தப் புள்ளிகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வானில் எக்ஸ்-கதிர் வீசும் ஒரு மூலத்தின் நிறமாலையை எக்ஸ்ஸ்பெக் என்ற நிறமாலை பொருத்தும் மென்பொருளில் ஏற்றி, உறிஞ்சலோடு கூடிய பவர்லா (ஆற்றலின் அடுக்காக மாறும்) மாடலைப் பொருத்தியாயிற்று. ஃபிட் நன்றாகவே இருக்கிறது. 'பிளாட் எல்டேட்டா' என்று கொடுத்தால் ஒய் அச்சில் 'ஒரு நொடிக்கு, ஒரு கேஇவிக்கு இத்தனை கவுண்ட்' என்று வருகிறது (கேஇவி என்றால் ஆயிரம் எலக்ட்ரான்வோல்ட்). ஆனால் ஆய்வுக் கட்டுரைகளில் எர்க், சதுர சென்டிமீட்டர், நொடி என்ற ஃப்ளக்ஸ் அலகுகளில் (ஒரு பரப்பின் மேல் நொடிக்கு விழும் ஆற்றல்) படம் போடுகிறார்கள். அதை எப்படி வரைவது? கவுண்ட்டை ஏஆர்எஃப்பால், அதாவது கருவியின் பயனுறு பரப்பால், வகுத்தால் போதுமா? 'ஃப்ளக்ஸ்' கட்டளை தரும் எண்ணும் படத்தில் தெரியும் புள்ளிகளும் ஒன்றுதானா?

முதலில் கை வேலை. ஃபிட் முடிந்ததும் 'செட்பிளாட் எனர்ஜி' கொடுத்து எக்ஸ் அச்சைச் சேனல் எண்ணிலிருந்து ஆற்றலுக்கு மாற்றுங்கள். அப்புறம் 'பிளாட் இஇயூஎஃப்ஸ்பெக்'. அவ்வளவுதான், கட்டுரைகளில் பார்க்கும் படம் வந்துவிடும். எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் புள்ளிகள் முழுக்க டேட்டா இல்லை. பாதி உங்கள் மாடல். இதைத் தெரிந்துகொண்டு வரைந்தால் படம் உதவும். தெரியாமல் வரைந்தால் படமே உங்களை ஏமாற்றும். அதனால்தான் பதில் நீள்கிறது.

டிடெக்டர் நமக்குத் தருவது ஃப்ளக்ஸ் அல்ல, கவுண்ட். சந்திரா, எக்ஸ்எம்எம்-நியூட்டன், ஆஸ்ட்ரோசாட் ஆகிய விண்வெளித் தொலைநோக்கிகளில் முறையே உள்ள ஏசிஸ், எபிக், எஸ்எக்ஸ்டி கருவிகள் எல்லாவற்றிலும் கதை இதுதான்: ஒரு ஃபோட்டான் வந்து விழுகிறது, அது உண்டாக்கிய மின்னூட்டம் அளக்கப்படுகிறது, அந்த அளவுக்கேற்ற ஒரு சேனலில் ஒரு கவுண்ட் ஏறுகிறது. இடையில் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, வந்த ஃபோட்டான்கள் எல்லாம் பதிவாவதில்லை. கண்ணாடி எவ்வளவைக் குவிக்கிறது, வடிகட்டி எவ்வளவை விடுகிறது, டிடெக்டர் எவ்வளவைப் பிடிக்கிறது என்பதையெல்லாம் பெருக்கி, சதுர சென்டிமீட்டரில் ஒரு பயனுறு பரப்பாகச் சொல்வதுதான் ஏஆர்எஃப். இரண்டு, பதிவான ஃபோட்டானும் தன் சரியான சேனலில் விழும் என்று உறுதியில்லை. 6.4 கேஇவி ஃபோட்டான்கள் பல வந்தால், சிசிடி வகை டிடெக்டரில் அவை ஏறக்குறைய 150 எலக்ட்ரான்வோல்ட் அகலத்துக்குப் பரவி விழும். கொஞ்சம் குறைந்த ஆற்றல் பக்கம் வாலாகவும் நீளும். எந்த ஆற்றல் எந்தச் சேனலுக்கு எந்த நிகழ்தகவில் போகும் என்ற அணிதான் ஆர்எம்எஃப்.

வானத்திலிருந்து வரும் உண்மையான நிறமாலை இந்த இரண்டின் வழியே போய்க் கவுண்ட்டாக முடிகிறது. அந்தப் பாதை ஒருவழிப் பாதை. மாடல் தெரிந்தால் கவுண்ட்டைக் கணக்கிடலாம். கவுண்ட்டிலிருந்து மாடலைத் திருப்பிக் கணக்கிடப் போனால், அணியைத் தலைகீழாக்கும்போது சிறு புள்ளியியல் ஏற்ற இறக்கங்கள் எல்லாம் பூதாகரமாகிவிடும். அதனால்தான் எக்ஸ்ஸ்பெக், ஷெர்பா, ஐசிஸ், ஸ்பெக்ஸ் என எந்தப் பொருத்தும் மென்பொருளானாலும் மாடலைக் கவுண்ட்டுக்குக் கொண்டுபோய் ஒப்பிடுகின்றன, கவுண்ட்டை ஃப்ளக்ஸுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுவதில்லை. ஃபிட் எப்போதும் கவுண்ட் தளத்தில்தான். ஃப்ளக்ஸ் படம் பார்வைக்கு மட்டும்.

இப்போது இரண்டாவது கேள்வி: ஏஆர்எஃப்பால் வகுத்தால் போதாதா? ஓரளவுக்குப் போதும், எதற்கு என்று தெரிந்திருந்தால். 'செட்பிளாட் ஏரியா' என்ற கட்டளை கிட்டத்தட்ட இதையே செய்கிறது. அதைக் கொடுத்துவிட்டு 'பிளாட் எல்டேட்டா' போட்டால், ஒவ்வொரு சேனலுக்கும் உரிய பயனுறு பரப்பால் வகுத்துக் காட்டும். கவுண்ட் படத்தில் 2 கேஇவி அருகே தெரியும் பள்ளமும் மேடும் பெரும்பாலும் மூலத்தினுடையவை அல்ல. 1.84 கேஇவியில் சிலிக்கான் விளிம்பு. அதையடுத்து கண்ணாடியில் பூசிய உலோகத்தின் எம் விளிம்புகள், சந்திராவில் இரிடியம், எக்ஸ்எம்எம்மில் தங்கம். பரப்பால் வகுத்தால் இவை பெருமளவு மறைந்து, மூலத்தின் வடிவம் தலை காட்டும். ஆனால் ஆர்எம்எஃப் பரப்பியது அப்படியேதான் இருக்கிறது. கோடுகள் அகலமாகவே தெரியும், குறைந்த ஆற்றல் பக்கம் கசிந்து வந்த கவுண்ட்டுகளும் அங்கேயே நிற்கும். எக்ஸ்எம்எம் மென்பொருளில் உள்ள ஆர்ஜிஎஸ்ஃப்ளக்ஸரும் இந்த வகைதான், பரவலைக் கணக்கில் எடுப்பதில்லை. கோடுகளை ஒரு பார்வை பார்க்க அருமையான கருவி; அதன் வெளியீட்டின் மேல் மாடலைப் பொருத்தக் கூடாது.

'இஇயூஎஃப்ஸ்பெக்'கின் அடிப்படையான 'யூஎஃப்ஸ்பெக்' செய்வது வேறு. ஒவ்வொரு சேனலுக்கும், பதிவான கவுண்ட் வீதத்தை எடுத்து, அதை மாடலின் ஃப்ளக்ஸால் பெருக்கி, அதே மாடல் அந்தச் சேனலில் எதிர்பார்க்கும் கவுண்ட் வீதத்தால் வகுக்கிறது. வேறு விதமாகச் சொன்னால், மாடல் வளைவை வரைந்துவிட்டு, கவுண்ட் தளத்தில் டேட்டாவுக்கும் மாடலுக்கும் எவ்வளவு விகிதமோ அதே விகிதத்தில் அந்த வளைவுக்கு மேலோ கீழோ புள்ளியை வைக்கிறது. ஃபிட் நன்றாக இருந்தால் விகிதம் ஒன்றுக்கு அருகில்; எனவே புள்ளிகள் மாடலின் மேலேயே உட்காரும். நன்றாகப் பொருந்தும் எந்த மாடலைக் கொடுத்தாலும் அந்த மாடலின் மேல் உட்காரும். இதுதான் ஆபத்து.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். 6.4 கேஇவியில் இரும்பின் குறுகிய கோடு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் பயனுறு பரப்பு 800 சதுர சென்டிமீட்டர். சேனல்களை 50 எலக்ட்ரான்வோல்ட் அகலத்துக்குக் கூட்டியிருக்கிறீர்கள். கோட்டைச் சேர்க்காத வெறும் பவர்லா மாடலில் அங்கே ஃப்ளக்ஸ் 2.0×10⁻⁵ ஃபோட்டான், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, ஒரு நொடிக்கு, ஒரு கேஇவிக்கு. அப்படியானால் மாடல் எதிர்பார்க்கும் வீதம் நொடிக்கு, கேஇவிக்கு 0.016 கவுண்ட். டேட்டாவில் இருப்பதோ 0.020. விகிதம் 1.25. ஆக, யூஎஃப்ஸ்பெக் புள்ளியை 2.5×10⁻⁵ என்ற உயரத்தில் வைக்கும்.

இப்போது மாடலில் அகலமே இல்லாத ஒரு காஸியன் கோட்டைச் சேர்க்கிறீர்கள். அதன் மொத்தம் 8×10⁻⁷ ஃபோட்டான். டிடெக்டர் வழியே போகும்போது இது பரவி, உச்சியில் சரியாக அந்த 0.020 கவுண்ட்டைத் தருகிறது. டேட்டாவும் மாடலும் ஒன்றிவிட்டன, விகிதம் 1. ஆனால் பரவாத மாடலில் அந்த 8×10⁻⁷ முழுவதும் ஒரே ஒரு 50 எலக்ட்ரான்வோல்ட் சேனலுக்குள் இருக்கிறது. அதாவது 1.6×10⁻⁵ கூடுதல். தொடர் நிறமாலையோடு சேர்த்து 3.6×10⁻⁵. புள்ளி இப்போது அங்கே போய் நிற்கும். பக்கத்தில், 6.3 கேஇவி சேனலைப் பாருங்கள். பரவி வந்த கவுண்ட்டுகளால் அங்கே டேட்டா 0.0172. வெறும் பவர்லாவில் அந்தப் புள்ளி 2.15×10⁻⁵ இல் இருந்தது. கோட்டைச் சேர்த்ததும் 2.0×10⁻⁵ க்கு இறங்கிவிட்டது.

கவுண்ட் ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் முதல் படத்தில் ஒரு தாழ்ந்த அகலமான மேடு, இரண்டாவது படத்தில் ஊசி போல ஒரு கோடு. இரண்டாவது படத்தைப் பார்ப்பவர் இந்த டிடெக்டர் 50 எலக்ட்ரான்வோல்ட் அகலத்தைப் பிரித்துக் காட்டியதாக நினைத்துக்கொள்வார். காட்டவில்லை. அந்த ஊசி மாடலிலிருந்து வந்தது. எக்ஸ்ரிஸம் செயற்கைக்கோளின் ரிசால்வ் போல 5 எலக்ட்ரான்வோல்ட் பிரிதிறன் உள்ள கருவியில் இந்தச் சிக்கல் பெரிதும் குறைந்துவிடும், ஏனென்றால் ஆர்எம்எஃப் கிட்டத்தட்ட மூலைவிட்ட அணியாகிவிடுகிறது. சிசிடியில் எப்போதும் இருக்கும். இரும்புக் கோடு அகலமானதா குறுகியதா என்பதே உங்கள் வாதமாக இருந்தால், யூஎஃப்ஸ்பெக் படத்தை ஆதாரமாகக் காட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அங்கே டேட்டாவை மாடலால் வகுத்த விகிதப் படம்தான் நேர்மையானது: 'பிளாட் எல்டேட்டா ரேஷியோ', அல்லது வித்தியாசத்தைப் பிழையால் வகுத்துக் காட்டும் 'பிளாட் எல்டேட்டா டெல்கை'.

மாடல் வடிவம் ஒட்டாமல் ஃப்ளக்ஸ் அலகில் காட்ட வேண்டும் என்றால் ஒரு நல்ல வழி உண்டு. ஃபிட்டைச் சேமித்துவிட்டு, மாடலை வெறும் பவர்லாவாக மாற்றுங்கள். குறியீட்டு எண் (ஆற்றலின் அடுக்கு) 0, நார்ம் (மாடலின் உயரத்தைத் தீர்மானிக்கும் பெருக்கு எண்) 1. பொருத்த வேண்டாம். அப்படியே யூஎஃப்ஸ்பெக் அல்லது இஇயூஎஃப்ஸ்பெக் வரையுங்கள். எல்லா ஆற்றலிலும் ஒரே உயரமுள்ள தட்டையான மாடல் என்பதால் அது எந்த வளைவையும் கோட்டையும் உள்ளே திணிக்காது. புள்ளிகள் மாடல் கோட்டிலிருந்து எங்கோ தள்ளி நிற்கும். மாடலைப் படத்திலிருந்து எடுத்துவிட்டால் போயிற்று. செயலூக்க விண்மீன் மண்டலங்களைப் பற்றிய கட்டுரைகளில் குறியீடு 0 பவர்லாவுக்கு எதிராகப் பிரித்ததாக எழுதியிருப்பார்களே, அது இதுதான். ஐசிஸ் மென்பொருளில் இந்தச் சுற்றே தேவையில்லை. பின்னணி கழித்த கவுண்ட்டை நேரத்தாலும், அந்தச் சேனலுக்கு வந்து சேரும் மொத்த ரெஸ்பான்ஸாலும் (ஏஆர்எஃப், ஆர்எம்எஃப் சேர்ந்தது) வகுப்பதே அதன் வழக்கம், மாடல் உள்ளே வருவதில்லை. ஒரே மூலத்தை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கருவியில் பார்த்ததை ஒரே படத்தில் போட இந்த முறைதான் எனக்குப் பிடித்தது. குறிப்பாகச் சந்திராவுக்கு இது முக்கியம். ஏசிஸின் முன் இருக்கும் வடிகட்டியில் ஆண்டுக்கு ஆண்டு படலம் படிந்து, 1 கேஇவிக்குக் கீழே பயனுறு பரப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. 2000இல் எடுத்த கவுண்ட் நிறமாலையையும் இருபது ஆண்டு கழித்து எடுத்ததையும் அப்படியே அடுக்கிப் பார்த்தால், மூலமே மங்கிவிட்டது போலத் தெரியும்.

அலகுகளுக்கு வருவோம். 'யூஎஃப்ஸ்பெக்' ஃபோட்டான் ஃப்ளக்ஸ் தருகிறது: ஃபோட்டான், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, நொடிக்கு, கேஇவிக்கு. முன்னால் ஒரு 'இ' சேர்த்தால் ஆற்றலால் ஒரு முறை பெருக்கும். இரண்டு 'இ' சேர்த்தால் இரண்டு முறை. இரண்டு முறை பெருக்கியதன் அலகு கேஇவி, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, நொடிக்கு. இதை 1.602×10⁻⁹ ஆல் பெருக்கினால் எர்க் வந்துவிடும். வானொலியிலிருந்து காமா வரை அடுக்கிப் போடும் பரந்த அலைவரிசைப் படங்களில் ஒய் அச்சு இதுதான். ஜான்ஸ்கி வேண்டுமானால், ஒற்றை 'இ' படத்தின் எண்ணை 662.6 ஆல் பெருக்குங்கள், மைக்ரோ ஜான்ஸ்கி கிடைக்கும். அகலமான சேனல் கூட்டங்களில் எந்த ஆற்றலால் பெருக்குகிறது என்று சந்தேகம் வரலாம்: கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் இடையிலான பெருக்கல் சராசரியை எக்ஸ்ஸ்பெக் எடுத்துக்கொள்கிறது. நீங்களே பைத்தானில் பெருக்கும்போது நடு ஆற்றலை எடுத்தால், அகலமான கடைசிப் புள்ளிகள் கொஞ்சம் விலகும். பிழை தேடி அலைய வேண்டாம்.

சரி, மூன்றாவது கேள்வி. 'ஃப்ளக்ஸ் 2 10' என்று கொடுத்தால் வரும் எண் படத்தின் உயரம் அல்ல. படத்தில் இருப்பது ஒவ்வொரு ஆற்றலிலும் உள்ள அடர்த்தி. கட்டளை தருவது 2 முதல் 10 கேஇவி வரை மாடலைத் தொகையிட்டது. இதைக் கையாலேயே சரிபார்க்கலாம், ஒருமுறை செய்துவிட்டால் பின்னால் அலகுக் குழப்பமே வராது. உறிஞ்சல் இல்லாத பவர்லா, ஃபோட்டான் குறியீடு 2, நார்ம் 10⁻³. ஃபோட்டான் ஃப்ளக்ஸ்: அரையில் பத்தில் ஒன்றைக் கழித்தால் 0.4, நார்மால் பெருக்கினால் 4×10⁻⁴. ஆற்றல் ஃப்ளக்ஸ்: 5இன் இயல் மடக்கை 1.609; நார்மாலும் 1.602×10⁻⁹ ஆலும் பெருக்கினால் 2.58×10⁻¹² எர்க், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, நொடிக்கு. எக்ஸ்ஸ்பெக்கில் டேட்டா எதுவும் இல்லாமல் 'டம்மிரெஸ்ப்' கொடுத்து இதே மாடலை வைத்தால் இந்த இரண்டு எண்களும்தான் வரும். இதே மாடல் இஇ படத்தில் ஒரு கிடைமட்டக் கோடு, உயரம் 10⁻³ கேஇவி, அதாவது 1.6×10⁻¹² எர்க். அந்த உயரத்தை 1.609 ஆல் பெருக்கினால்தான் மொத்த ஃப்ளக்ஸ். படத்தில் உயரத்தைப் படித்து அதையே 2–10 கேஇவி ஃப்ளக்ஸ் என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். குறியீடு 2 என்றால் எண் ஏறக்குறைய நாற்பது சதவீதம் குறைவாக வரும்.

பிழை எல்லையோடு ஃப்ளக்ஸ் வேண்டுமா? இரண்டு வழி. 'ஃப்ளக்ஸ் 2 10 எர் 1000 90' என்றால், ஃபிட்டின் இணைமாறுபாட்டு அணியிலிருந்து ஆயிரம் முறை அளவுருக்களை எடுத்து, 90 சதவீத எல்லையைச் சொல்லும். மார்கோவ் சங்கிலி ஓட்டி வைத்திருந்தால் அதிலிருந்து எடுக்கும். நல்ல ஃபிட்டுக்கு இதுவே போதும். இன்னொன்று 'சிஃப்ளக்ஸ்' என்ற மாடல் கூறு. இதில் ஃப்ளக்ஸே ஒரு அளவுரு, பத்தடிமான மடக்கையில். மேலே பார்த்த எடுத்துக்காட்டில் அது −11.589 என்று காட்டும். உள்ளே இருக்கும் பவர்லாவின் நார்மைக் கட்டாயம் உறைய வைக்க வேண்டும், பூச்சியம் இல்லாத ஒரு மதிப்பில். இல்லையென்றால் நார்மும் ஃப்ளக்ஸும் ஒரே வேலைக்குப் போட்டி போட்டு, 'எரர்' கட்டளை முடியவே முடியாது. ஃபிட் அல்லாடுகிறது, பிழை எல்லை முட்டாள்தனமாக வருகிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் பார்ப்பது இந்த உறைய வைத்தலைத்தான்.

சிஃப்ளக்ஸை எங்கே வைக்கிறீர்கள் என்பது இன்னும் முக்கியம். உறிஞ்சல் கூறான டிபிஆப்ஸை முன்னால் வைத்து 'டிபிஆப்ஸ், சிஃப்ளக்ஸ், பவர்லா' என்ற வரிசையில் பெருக்கினால் உறிஞ்சலுக்கு முந்தைய, மூலத்தின் சொந்த ஃப்ளக்ஸ். 'சிஃப்ளக்ஸ், டிபிஆப்ஸ், பவர்லா' என்றால் நம்மை வந்தடைந்த ஃப்ளக்ஸ். 2–10 கேஇவியில் ஹைட்ரஜன் பத்தி அடர்த்தி (பார்வைக் கோட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு உள்ள அணுக்கள்) குறைவாக இருந்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. 0.5–2 கேஇவியில் மடங்குக் கணக்கில் மாறும். கட்டுரையில் எது என்று எழுதாத ஃப்ளக்ஸ் எண்ணை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது.

இந்த இடத்தில் பலர் தடுக்கி விழும் குழி ஒன்று இருக்கிறது. உறிஞ்சல் நீக்கிய ஃப்ளக்ஸ் படம் வேண்டும் என்று, ஃபிட் முடிந்தபின் பத்தி அடர்த்தியைப் பூச்சியமாக்கிவிட்டு இஇயூஎஃப்ஸ்பெக் வரைகிறார்கள். மாடல் கோடு மேலே போகிறது, சரிதான். புள்ளிகள்? மேலே சொன்ன சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். மாடலின் ஃப்ளக்ஸும் கூடிவிட்டது, அது எதிர்பார்க்கும் கவுண்ட்டும் அதே அளவு கூடிவிட்டது. விகிதம் அடிபட்டுப் போகிறது. புள்ளிகள் கிட்டத்தட்ட பழைய இடத்திலேயே, உறிஞ்சப்பட்ட ஃப்ளக்ஸாகவே நிற்கும். மாடலுக்கும் புள்ளிக்கும் நடுவே விழும் இடைவெளியைப் பார்த்து, குறைந்த ஆற்றலில் மூலம் சரிகிறது என்று விளக்கம் எழுதிவிடும் அபாயம் இருக்கிறது. தொகையிட்ட ஃப்ளக்ஸுக்குப் பத்தி அடர்த்தியைப் பூச்சியமாக்குவது செல்லும், ஏனென்றால் அது மாடலை மட்டும் பார்க்கிறது. புள்ளிகளுக்குச் செல்லாது.

சரியான வழி: உறிஞ்சலோடு பொருத்திய மாடலில் புள்ளிகளைப் பிரித்து எடுங்கள். அதே சேனல்களில் மாடலின் மதிப்பை உறிஞ்சலோடு ஒருமுறை, உறிஞ்சல் இல்லாமல் ஒருமுறை எடுத்து, இரண்டின் விகிதத்தால் புள்ளியையும் பிழைக் கோட்டையும் பெருக்குங்கள். எக்ஸ்ஸ்பெக்கின் பைத்தான் வடிவமான பைஎக்ஸ்ஸ்பெக்கில் சில வரிகளில் முடிந்துவிடும். ஆனால் எவ்வளவு பெருக்குகிறீர்கள் என்று பாருங்கள். பத்தி அடர்த்தி 10²² என்றால் 1 கேஇவியில் சுமார் பத்தில் ஒரு பங்கு ஃபோட்டான்கள்தான் நம்மை வந்தடைகின்றன. அந்தப் புள்ளியைப் பத்து மடங்கு தூக்கி வைக்கிறீர்கள், பத்தி அடர்த்தியில் உள்ள நிச்சயமின்மை பிழைக் கோட்டில் ஏறவே இல்லை. இரண்டு மூன்று மடங்குக்கு மேல் போகும் புள்ளிகளை நான் படத்தில் போடாமல் விட்டுவிடுவேன். அங்கே மாடல் பட்டை மட்டும் போதும்.

எக்ஸ்எம்எம்மையும் நியூஸ்டார் தொலைநோக்கியையும் சேர்த்துப் பொருத்தும்போது, அளவீட்டு வித்தியாசத்துக்காக ஒரு மாறிலியை மாடலின் முன்னால் பெருக்குவோம். இரண்டாவது கருவிக்கு அது 1.05 என்று வந்தால், பிரித்த படத்திலும் அந்தப் புள்ளிகள் ஐந்து சதவீதம் மேலேயே நிற்கும். எக்ஸ்ஸ்பெக் அதைத் தானாகச் சரிசெய்யாது. வெளியே எடுத்து நீங்களே மாறிலியால் வகுத்துக்கொள்ளலாம், வகுத்ததைப் படக்குறிப்பில் சொல்லிவிட்டால் தவறில்லை. 'செட்பிளாட் ரீபின் 5 50' போன்ற கட்டளை படத்துக்காக மட்டும் சேனல்களைக் கூட்டும், ஃபிட்டைத் தொடாது. எனவே தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

படத்தை எக்ஸ்ஸ்பெக்கின் சாளரத்திலிருந்து அப்படியே எடுத்துக் கட்டுரையில் வைக்காதீர்கள். எண்களை வெளியே எடுப்பது எளிது. 'ஐபிளாட் இஇயூஎஃப்ஸ்பெக்' கொடுத்து உள்ளே போய், 'டபிள்யூடேட்டா' என்று ஒரு கோப்புப் பெயரோடு கொடுத்தால், ஆற்றல், அதன் அரை அகலம், ஃப்ளக்ஸ், அதன் பிழை, மாடல் என்று பத்திகளாக எழுதிவிடும். பல டேட்டா தொகுப்புகள் இருந்தால் நடுவில் 'நோ நோ' என்று ஒரு வரி பிரிப்பானாக வரும்; பைத்தானில் படிக்கும்போது அதைப் பார்த்துத் துண்டாக்க வேண்டும். பைஎக்ஸ்ஸ்பெக்கில் இன்னும் நேரடி: வரைகருவியை 'நல்' என்று வைத்து, பிளாட்டை அழைத்து, எக்ஸ், ஒய், அவற்றின் பிழைகள், மாடல் ஆகியவற்றைப் பட்டியல்களாக வாங்கிக்கொள்ளலாம். ஒரு கவனம்: அப்படி வரும் மாடல் டேட்டாவின் சேனல்களில் சராசரியானது, படியாகத்தான் இருக்கும். வழவழப்பான கோடு வேண்டுமானால் 'இஇமாடல்' தனியாக எடுத்து மேலே வரையுங்கள். கூறுகளைத் தனித்தனியாகக் காட்ட முதலிலேயே 'செட்பிளாட் ஆட்' கொடுத்திருக்க வேண்டும்.

ஷெர்பா பயன்படுத்துகிறவர்களுக்கு: 'செட் அனாலிசிஸ்' கட்டளையில் ஃபேக்டர் என்ற இடத்தில் 2 என்று கொடுத்தால் ஆற்றலின் இருமடியால் பெருக்கிக் காட்டும். 'பிளாட் சோர்ஸ்' ரெஸ்பான்ஸ் இல்லாத மாடலை ஃபோட்டான் ஃப்ளக்ஸ் அலகில் வரையும். எண்ணுக்கு 'கால்க் எனர்ஜி ஃப்ளக்ஸ்', நிச்சயமின்மைக்கு 'சாம்பிள் எனர்ஜி ஃப்ளக்ஸ்'. பைத்தானுக்குள்ளேயே எல்லாம் நடப்பதால், மேலே சொன்ன உறிஞ்சல் விகித வேலைக்கு எனக்கு ஷெர்பா அதிக வசதி.

டேட்டாவின் எல்லைக்கு வெளியே ஃப்ளக்ஸ் கேட்பதும் அடிக்கடி நடக்கிறது. 0.5–8 கேஇவியில் பொருத்திவிட்டு 0.1–100 கேஇவி ஃப்ளக்ஸ் வேண்டும் என்றால், மாடல் கணக்கிடப்படும் ஆற்றல் கட்டங்கள் ரெஸ்பான்ஸ் கோப்பிலிருந்து வருவதால் அந்த எல்லையோடு நின்றுவிடும். 'எனர்ஜீஸ்' கட்டளையால் நீட்டிக்கலாம். நீட்டித்தபின் வரும் எண் நீட்டிப்புக் கணிப்புதான், அளவீடு அல்ல. அட்டவணையில் அதைத் தனியாகக் குறியுங்கள்.

கடைசியாக, மங்கிய மூலங்கள். பின்னணி கழித்தபின் பதினைந்து இருபது கவுண்ட்தான் இருக்கிறது என்றால் ஃப்ளக்ஸ் புள்ளிகளே வரைய வேண்டாம். கழித்ததில் பாதிச் சேனல்கள் எதிர்மதிப்புக்குப் போய், மடக்கை அச்சில் காணாமல் போகும். மிஞ்சிய புள்ளிகள் உயரமானவை மட்டும் என்பதால் மூலம் இருப்பதைவிடப் பிரகாசமாகத் தெரியும். அப்படிப்பட்ட நிலையில் சி-புள்ளியியலில் (குறைந்த கவுண்ட்டுக்கான பாய்சான் முறை), சேனல்களைப் பெரிதாகக் கூட்டாமல், பின்னணியையும் கணக்கில் வைத்துப் பொருத்துங்கள். மொத்த ஃப்ளக்ஸுக்குச் சந்திராவின் மென்பொருளான சியாவோ தொகுப்பில் உள்ள 'எஸ்ஆர்சிஃப்ளக்ஸ்' போதும். ஒரு கவுண்ட் வீதத்தை அனுமானித்த மாடல் வழியே ஃப்ளக்ஸாக்குவதற்குப் பிம்ஸ் என்ற கருவி போதும். பரந்த அலைவரிசைப் படத்தில் இடம் பிடிக்க வேண்டுமானால், பொருத்திய அளவுருக்களின் மாதிரிகளை ஆயிரம் முறை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மாடலை வரைந்து, நடு 68 சதவீதத்தைப் பட்டையாக நிரப்புங்கள். இரு முனையும் விரிந்து நடுவில் ஒடுங்கிய வடிவம் வரும். ஒடுங்கும் இடம் எந்த ஆற்றலில் இருக்கிறது என்று பார்த்து, ஒரே ஒரு ஃப்ளக்ஸ் எண் கொடுக்க வேண்டியிருந்தால் அந்த ஆற்றலில் கொடுங்கள். அங்கேதான் நார்மும் குறியீடும் ஒன்றையொன்று இழுக்காமல் இருக்கின்றன.